டிரிப் லிங்க்கைக் கழற்றச் சொல்கிறார்கள்

ஐட்ரிபிள்இ அமைப்பின் தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுத்திவிட வேண்டும் என்று சென்ற இதழில் மூத்த பொறியாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். இயக்குநர் குழு ஒரு தேர்வுக் குழுவை அமைத்து, அது தகுதியானவரைப் பார்த்து அறிவித்தால் போதும் என்கிறார். அந்தக் குழுவின் பட்டியலில் இல்லாத ஒருவர் உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டி மனு வழியாகப் போட்டியிடும் உரிமையையும் எடுத்துவிடச் சொல்கிறார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் அடுக்கியிருக்கும் ஐந்து காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. ஒன்றிரண்டு அவருடைய முடிவுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக நாலு வரி. 1884இல் நியூயார்க்கில் தொடங்கிய மின்பொறியாளர் சங்கமும் 1912இல் தொடங்கிய வானொலிப் பொறியாளர் சங்கமும், இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் வாக்களித்து ஒப்புக்கொண்ட பிறகு, 1963இல் ஒன்றாகி ஐட்ரிபிள்இ ஆயின. இன்று 190க்கு மேற்பட்ட நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிக உறுப்பினர்கள் இருப்பது இந்தியாவில். வீட்டில் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டி இந்த அமைப்பு வகுத்த 802.11 என்ற தரநிலையின்படி இயங்குகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த எவரையும் கேளுங்கள்: "ஐட்ரிபிள்இ பேப்பர் எடுத்து பிராஜெக்ட் பண்ணினேன்" என்பார். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் நடுவில் வாக்குச்சீட்டு வரும். அக்டோபர் தொடக்கத்தில் கணக்கு முடியும். வென்றவர் ஓராண்டு அடுத்த தலைவராக இருந்து பழகி, மறு ஆண்டு தலைவராவார். அதற்கடுத்த ஆண்டும் முன்னாள் தலைவர் என்ற முறையில் குழுவில் இருப்பார். ஆக, ஒரு வாக்கு மூன்றாண்டு பேசும்.

இனி அவருடைய காரணங்களுக்கு வருவோம்.

மின்சுற்றுக்கான கிர்ச்சாஃப் விதியை வாக்கெடுப்புக்கு விட முடியுமா என்பது அவருடைய முதல் கேள்வி. அறிவியல் உண்மைக்குப் பெரும்பான்மை தேவையில்லை. ஆகவே பொறியாளர் அமைப்புக்கும் தேர்தல் தேவையில்லை என்று முடிக்கிறார். கேட்ட மாத்திரத்தில் கைதட்டத் தோன்றும் வாக்கியம் இது. ஆனால் தலைவரும் இயக்குநர் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்வது கிர்ச்சாஃப் விதியை அல்லவே! ஒரு தரநிலையைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில், அதற்கு அவசியமான காப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் எவ்வளவு உரிமக் கட்டணம் கேட்கலாம் என்ற விதியை 2015இல் இயக்குநர் குழு மாற்றியது. பெரிய நிறுவனங்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றன. ஏழாண்டு கழித்து, 2022இல், அந்த விதியை மறுபடியும் திருத்த வேண்டிவந்தது. 2019 மே மாதம் அமெரிக்க அரசின் வணிகத் தடையைக் காட்டி, ஹுவாவே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடக் கூடாது என்று அமைப்பு அறிவித்தது. சீனக் கல்வியாளர்கள் கொதித்தார்கள். சிலர் ஆசிரியர் குழுக்களிலிருந்து விலகினார்கள். சில நாட்களிலேயே, ஜூன் தொடக்கத்தில், அமெரிக்க வணிகத் துறையிடம் விளக்கம் பெற்று அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டில் எதற்கு ஓம் விதியில் விடை இருக்கிறது? யாருடைய நலனை முன்னே வைப்பது, எந்த அரசின் கட்டளைக்கு எவ்வளவு தூரம் வளைவது, யார் தலையில் செலவை ஏற்றுவது என்பவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர்கள் அதை எடுப்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியலின் பெயரைச் சொல்லி இந்த முடிவுகளைக் கேள்விக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பது அறிவியலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அறிவியலையே சாட்சிக்கு அழைத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலின் அடிப்படை ஒழுக்கம் ஒன்று உண்டு: வரைந்தவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. எவ்வளவு பெரிய மேதை வரைந்த வரைபடமானாலும் இன்னொரு கண் அதைப் பார்க்க வேண்டும். இயக்குநர் குழுவே தேர்வுக் குழுவை அமைத்து, அந்தத் தேர்வுக் குழு இயக்குநர் குழுவுக்குத் தலைவரைத் தேடித் தருவது என்றால், வரைந்தவரும் சரிபார்த்தவரும் ஒருவரே. இப்படிப்பட்ட வரைபடத்தைத் தன் மாணவன் கொண்டுவந்தால் கட்டுரையாளர் கையெழுத்துப் போடுவாரா?

இரண்டாவது காரணம்: வாக்களிப்பவர்கள் குறைவு; வாக்களிப்பவர்களுக்கும் வேட்பாளர்களைத் தெரியாது. முதல் பாதி உண்மை. உறுப்பினர்களில் சிறுபான்மையினரே வாக்களிக்கிறார்கள். எனக்கும் அது வருத்தம்தான். என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள் ஆகஸ்ட் மாதம் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்கு சார் போடறது? ஒருத்தரையும் தெரியல" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா வேட்பாளர் அறிக்கைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். புதுமை, ஒருங்கிணைப்பு, உலகளாவிய பார்வை என்ற மூன்று சொற்களை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். கட்டணத்தைப் பற்றி உன் நிலை என்ன, காப்புரிமை விதியைப் பற்றி என்ன நினைக்கிறாய், சென்ற ஆண்டு குழுவில் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தாய் என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் இருக்காது.

இதற்கு மருந்து என்ன? வேட்பாளர்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் கூட்டங்கள் வேண்டும். அவற்றில் சில நமக்கு நள்ளிரவாக இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும். குழுவில் யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியில் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல், வாக்குச்சீட்டையே எடுத்துவிடு என்கிறார் கட்டுரையாளர். குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று புகார் சொன்னால், அடைப்பு எங்கே என்று பார்ப்பவர் பொறியாளர். குழாயையே பிடுங்கிவிடுகிறவரை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

உறுப்பினர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற இரண்டாம் பாதி உண்மையே இல்லை. 2016இல் நடந்ததை அவர் மறந்திருக்க முடியாது. அமைப்பின் சட்டத்தைத் திருத்த இயக்குநர் குழு ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. மண்டலங்களும் தொழில்நுட்பப் பிரிவுகளும் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் தாமாகவே இயக்குநர்களாகும் ஏற்பாட்டை அது தளர்த்தியது. குழுவின் அமைப்பு பற்றிய சில விஷயங்களை உறுப்பினர் வாக்கு தேவைப்படும் சட்டத்திலிருந்து எடுத்து, குழுவே மாற்றிக்கொள்ளக்கூடிய துணைவிதிகளுக்குக் கொண்டுபோனது. ஆதரவாகப் பெரிய பிரசாரம் நடந்தது. எதிர்த்தவர்கள் தங்கள் பிரிவுகளில் கூட்டம் போட்டு, வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. திருத்தம் விழுந்தது. எனக்குத் தெரிந்த சாதாரணப் பொறியாளர்கள், கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள், அந்த முறை பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். சர்க்யூட் வரைபடத்தில் மறைந்திருக்கும் பிழையைத் தேடிக் கண்டுபிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு சட்டத் திருத்தத்தைப் படிக்கத் தெரியாது என்று எழுத எப்படி மனம் வந்தது?

மூன்றாவது காரணத்தில்தான் என் பொறுமை போனது. மனு வழியாக நிற்பவர்கள் வெல்வதில்லை, தொல்லை மட்டும் தருகிறார்கள், ஆகவே அந்த வழியை மூடிவிடலாம் என்கிறார். இர்வின் ஃபியர்ஸ்ட்டை உதாரணம் காட்டுகிறார். உதாரணத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். மீதியை நான் சொல்கிறேன்.

ஃபியர்ஸ்ட் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர். 1970களிலும் 80களிலும் மீண்டும் மீண்டும் மனு வழியாகத் தலைவர் பதவிக்கு நின்றார். அமைப்பு பெரிய நிறுவனங்களின் மேலாளர்கள் கையில் இருக்கிறது, சம்பளத்துக்கு வேலை செய்யும் பொறியாளனைப் பற்றி எவருக்கும் கவலையில்லை என்பதே அவருடைய பேச்சு. ஒருமுறையும் வெல்லவில்லை. வெளிநாட்டுப் பொறியாளர்கள் அமெரிக்காவுக்கு வேலைக்கு வருவதை அவர் எதிர்த்தவர். எனக்கு வாக்கு இருந்திருந்தால் அவருக்குப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் நின்றதால் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 1980களின் நடுவில் இயக்குநர் குழு இரண்டு வேட்பாளர்களை நிறுத்த, மூன்றாமவராக இவர் நிற்க, குழுவின் வாக்குகள் இரண்டாகப் பிளந்தன. அவர் வெற்றிக்கு மிக அருகில் வந்துவிட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1987இல், ஒருவர் தமக்கு ஏற்புடைய எத்தனை வேட்பாளர்களுக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்ற ஏற்பு வாக்கு முறையை ஐட்ரிபிள்இ கொண்டுவந்தது. வாக்கு முறைகளை ஆராயும் கணிதவியலாளர்களின் நூல்களில் இது இன்றும் பேசப்படும் நிகழ்ச்சி. 2002 வரை அந்த முறை இருந்தது. தோற்றுக்கொண்டே இருந்த ஒரு மனிதரால், உலகின் மிகப்பெரிய பொறியாளர் அமைப்பு தன் தேர்தல் விதியையே திரும்பிப் பார்க்க நேர்ந்தது. இதற்குப் பெயர் தொல்லையா?

நான் ரிலே சோதனைப் பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஒரு மழைக்கால இரவு, 110/11 கேவி துணைமின் நிலையம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. கேட்டைத் தாண்டும்போதே எண்ணெய் எரிந்த நாற்றம் அடித்தது. 11 கேவி ஃபீடரில் கம்பி அறுந்து விழுந்திருக்கிறது. ரிலே பிழையைக் கண்டு பிரேக்கரைத் திறக்க ஆணையிட்டிருக்கிறது. அதன் கொடி விழுந்து கிடந்தது. ஆனால் பிரேக்கர் திறக்கவில்லை. மேல் பக்கத்துப் பாதுகாப்பு தாமதமாக வேலை செய்து மின்சாரத்தை வெட்டுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் கருகிவிட்டது. பேனலின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிலேயின் ஆணையைப் பிரேக்கருக்குக் கொண்டுபோகும் டிரிப் சர்க்யூட்டில் விரல் நீளப் பித்தளை லிங்க் ஒன்று கழற்றப்பட்டு, தொலைந்துபோகாமல் இருக்க நூலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அதப் போட்டா சும்மா சும்மா டிரிப் ஆவுது சார். ஒண்ணும் ஃபால்ட் இருக்காது. ஊர்க்காரங்க வந்து சத்தம் போடறாங்க. அதான் கழட்டி வெச்சோம்."

அந்த ஃபோர்மேன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சும்மா டிரிப் ஆகிறது என்றால் ரிலேயின் அளவை யாராவது வந்து சரிபார்த்திருக்க வேண்டும். வரவில்லை. இரவு பகலாக ஊராரின் ஏச்சை அவர்தான் கேட்டார். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு படித்தும் படிப்பித்தும் வந்த ஒருவர், நிதானமாக மேசையில் உட்கார்ந்து, அந்த லிங்க்கைக் கழற்றிவிடலாம் என்று கட்டுரை எழுதும்போது என்ன சொல்வது? பாதுகாப்பு ரிலே பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வேலை செய்ய நேரலாம். ஒன்பது ஆண்டு அது சும்மா நிற்பதைக் காரணம் காட்டி அதை எடுத்துவிடச் சொல்பவர் பாதுகாப்பு என்ற சொல்லையே புரிந்துகொள்ளவில்லை. மனு வேட்பாளர் வெல்வது அரிது. அப்படி ஒருவர் வரக்கூடும் என்ற நினைப்பே குழுவை ஒழுங்காக வைத்திருக்கிறது.

நான்காவதாக, அனுபவசாலிகளின் சிறிய குழு தவறு செய்யாது என்கிறார். இதைச் சொல்வதற்கு முன் இயந்திரப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கத்துக்கு நேர்ந்ததை அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். கொதிகலனில் நீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. அதைச் செய்துவந்த பெரிய நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு போட்டி நிறுவனம் முளைத்தது. 1971இல், கொதிகலன் விதிகளைக் கவனிக்கும் துணைக்குழுவின் துணைத் தலைவர் அந்தப் பெரிய நிறுவனத்தின் ஊழியர். விதிக்கு விளக்கம் கேட்டு அந்த நிறுவனம் சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தயாரிப்பதில் துணைக்குழுவின் தலைவரும் சேர்ந்துகொண்டார். பிறகு அவரே சங்கத்தின் பெயரில் பதிலும் எழுதினார். போட்டியாளரின் கருவி பாதுகாப்பற்றது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்ள அந்தப் பதில் பயன்பட்டது. போட்டி நிறுவனம் நொடித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்தத் துணைக்குழுவில் இருந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். கொதிகலனைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர்களைக் கண்டுபிடிப்பதே கடினம். அனுபவம் நிறைய இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும் கண் இல்லை.

இங்கிலாந்தில் இன்னும் அண்மையில் நடந்தது உண்டு. நில அளவை, கட்டட மதிப்பீட்டு வல்லுநர்களின் அரச நிறுவனத்தில் நிதி மேலாண்மையைப் பற்றி 2018இல் உள்தணிக்கை அறிக்கை ஒன்று மோசமாக வந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்ட நிர்வாகப் பதவி வகிக்காத இயக்குநர்கள் நான்கு பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் சுயேச்சையான விசாரணை அறிக்கை வெளிவந்ததும் தலைமைச் செயல் அதிகாரியும் தலைவரும் பதவி விலக நேர்ந்தது. அந்த அறைக்குள் இருந்தவர்களும் அனுபவசாலிகள்தான். கேள்வி கேட்பவரை வெளியே அனுப்புவது எளிதாக இருக்கும் இடத்தில் அனுபவம் காவலாக நிற்காது. நம் ஊரில் வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலி கெட்ட மரத்தால் செய்யப்பட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வேலியைப் பார்க்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

ஐந்தாவது காரணம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. தேர்தல் அரசியலைக் கொண்டுவருகிறது, பொறியாளர் அமைப்பு தொழில்நுட்பத்தோடு நிற்க வேண்டும் என்கிறார். அப்படி நின்ற காலம் ஒன்று இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி, விமானத் துறைகளில் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். சியாட்டில் நகரில், கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று 1971இல் விளம்பரப் பலகை வைத்தார்கள். அப்போது ஐட்ரிபிள்இ-யின் சட்டப்படி அது கட்டுரை வெளியிடலாம், மாநாடு நடத்தலாம். தெருவுக்கு வந்த உறுப்பினனுக்காக வாய் திறக்க முடியாது. உறுப்பினர்கள் நெருக்கினார்கள். 1972இல் சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. தொழில்சார் நலன்களையும் அமைப்பு கவனிக்கலாம் என்றானது.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பார்ட் ரயில் திட்டத்தில் மூன்று பொறியாளர்கள், ரயிலைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டு முறை சரியாகச் சோதிக்கப்படவில்லை என்று சொன்னார்கள். மேலிடம் கேட்கவில்லை. அவர்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடம் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். 1972 மார்ச் மாதம் மூவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்டோபர் 2ஆம் தேதி, ஃப்ரீமான்ட் நிலையத்தில் நிற்க வேண்டிய ரயில் நிற்காமல் பாதையின் முடிவைத் தாண்டி ஓடியது. பயணிகள் காயமடைந்தார்கள். மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். 1974இல் ஐட்ரிபிள்இ ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 1975 ஜனவரியில், பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் கடமை, அதைச் செய்தவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கருத்தோடு நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. வழக்கு பிறகு வெளியிலேயே சமரசமாக முடிந்தது. 1978இல் அந்த மூவருக்கும் அமைப்பின் குழு ஒன்று பொதுநலச் சேவைக்கான விருது வழங்கியது.

இதைத்தான் கட்டுரையாளர் அரசியல் என்று ஒதுக்குகிறார். உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே உருவாகியிருக்காது. மூன்று பொறியாளர்கள் உண்மையைச் சொல்லி வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர்களுடைய சங்கம் அடுத்த மாநாட்டின் விருந்துப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்திருக்கும். அப்படி ஒரு சங்கத்தைத்தான் அவர் தூய்மையான சங்கம் என்கிறாரா?

கடைசியில், ஆசியாவைச் சேர்ந்தவர்கள் தலைமைக்கு வர வேண்டுமானால் தேர்வுக் குழுதான் வழி என்று ஒரு ஆசை காட்டுகிறார். இது நம்மைப் பார்த்து வீசப்பட்ட தூண்டில் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். 1963 முதல் 2019 வரை ஆசியாவிலிருந்து பணியாற்றிய ஒருவர்கூட ஐட்ரிபிள்இ தலைவராக இருந்ததில்லை. முதல் பெண் தலைவர் மார்த்தா ஸ்லோன் வந்தது 1993இல், அமைப்பு தொடங்கி முப்பது ஆண்டு கழித்து. அவருக்கு அடுத்த பெண் தலைவர் லியா ஜேமீசன் வர 2007 ஆயிற்று. அந்த ஆண்டுகளிலெல்லாம் வேட்பாளர்களை முன்மொழியும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கட்டுரையாளர் முழு உரிமையையும் தூக்கிக் கொடுக்கச் சொல்லும் அதே இயக்குநர் குழுவிடம்தான். 2020இல் ஜப்பானின் தோஷியோ ஃபுகுடா தலைவரானார் என்றால், அவரை அங்கே உட்கார வைத்தது உறுப்பினர்களின் வாக்கு. 2023இல் வங்கதேசத்தில் பிறந்த சைஃபுர் ரஹ்மான் தலைவரானதும் அதே வாக்கால்தான்.

இயக்குநர் குழுவின் கூட்டலையும் பாருங்கள். உலகத்தைப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்காவுக்கு மட்டும் ஆறு; கனடாவுக்கு ஒன்று. ஜப்பானிலிருந்து இந்தியா வரை, தெற்கே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை சேர்த்து ஒன்றே ஒன்று, பத்தாவது மண்டலம். மண்டலத்துக்கு ஓர் இயக்குநர். உறுப்பினர் எண்ணிக்கையில் மற்ற எல்லா மண்டலங்களையும் விஞ்சிய பிறகும் நமக்கு நாற்காலி ஒன்றுதான். இந்தக் கணக்கை மாற்ற முடிவெடுக்கவே இத்தனை காலம் ஆயிற்று. இப்படி அமைந்த குழுவிடம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முழுதாகக் கொடுத்தால் யாருடைய கை ஓங்கும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. தலைவர் தேர்தலில் சேலத்துப் பொறியாளரின் ஒரு வாக்கும் நியூ ஜெர்சிப் பொறியாளரின் ஒரு வாக்கும் ஒரே எடை. நமக்கென்று இருக்கும் அந்தத் தராசையும் நம் கையாலேயே உடைக்கச் சொல்கிறார், அதுவும் நம் நன்மைக்காக என்று சொல்லி.

அவருடைய கட்டுரையில் இன்னொரு வரியோடும் எனக்கு உடன்பாடு. தேர்தல் இப்போது நடக்கும் விதத்தில் உயிர் இல்லை என்கிறார். ஆம், இல்லை. நம் கல்லூரிகளின் மாணவர் கிளைகளில் இளநிலை மாணவர்கள் ஆயிரக்கணக்கில் சந்தா கட்டுகிறார்கள், அவர்களுக்கு வாக்கில்லை. படித்து முடித்து வேலைக்குப் போனதும் பெரும்பாலோர் உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பிப்பதில்லை. சேர்ந்த நாளிலிருந்து எவரும் தங்களிடம் எதையும் கேட்கவில்லையே, ஏன் தொடர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைக்க வேண்டுமானால் அவர்கள் கையில் ஏதாவது அதிகாரம் இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவருக்கு வாக்குரிமை கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். மனுவுக்கான கையொப்ப எண்ணிக்கையை எட்டக்கூடிய அளவில் வைப்பதைப் பற்றிப் பேசலாம். கட்டுரையாளர் அந்தப் பேச்சுக்கு வந்தால் நானே அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். நோயாளி சோர்ந்திருக்கிறார், ஆகவே மூச்சை நிறுத்திவிடலாம் என்ற யோசனையோடு வந்தால் எழுந்து நின்று தடுப்பேன்.

அந்தத் துணைமின் நிலையத்துக்குப் புதிய டிரான்ஸ்ஃபார்மர் வந்த அன்று நாங்கள் முதலில் ரிலேயின் அளவைச் சரிசெய்தோம். சும்மா டிரிப் ஆவது அன்றோடு நின்றது. பிறகு அந்த நூலை அறுத்து, லிங்க்கை அதன் இடத்தில் வைத்து முறுக்கினோம். பொய்ப் பிழை ஒன்றைச் செலுத்திப் பார்த்தோம். பிரேக்கர் படாரென்று திறந்தது. ஃபோர்மேன் சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, பேனலின் பின்கதவில், "எவர் சொன்னாலும் இதைக் கழற்றாதே" என்று தன் கையாலேயே எழுதினார்.